நைனார்பாளையத்துக் களத்தில் கலந்துபோன மூன்று புத்தகங்கள்

மலையும் மாலையும் ஒன்றுக்குள் ஒன்று மயங்கிக் கிடக்கிற இந்த மாசி மாதத்து வேளையிலே, சின்னசேலம் வாசகர் சங்கத்தின் புத்தகத் திருநாளுக்குத் தலைமை ஏற்று, பேசுகிறவர்கள் எல்லை தாண்டினால் அடிப்பதற்கென்று மேசைமேல் மணியையும் எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிற, ஆற்றங்கரை வரலாற்றை அலைந்து திரிந்து எழுதிய ஆசிரியப் பெருந்தகை தீனதயாளன் ஐயா அவர்களே! ஊசியும் நூலும் கொண்டு ஏடுகளைத் தைத்துப் புத்தகமாக்கித் தருகிற, தைத்த முதுகுவலி இன்னும் தீராத அண்ணன் கொளஞ்சியப்பன் அவர்களே! நைனார்பாளையத்திலிருந்து டிராக்டர் ஏறிப் பாட்டும் சிரிப்புமாக வந்து இறங்கியிருக்கிற அக்கா காசியம்மாள் அவர்களே, அவரோடு வந்த தாய்மார்களே! முதல் வரிசையிலே, பக்கத்து நாற்காலியில் எவரையும் உட்காரவிடாமல் மஞ்சள் பையை வைத்து இடம் பிடித்திருக்கிற ஆயம்மாள் அக்கா அவர்களே! இடம் இருந்தும் உட்காராமல் டீக்கடை ஓரம் நின்றே கேட்கிற பெரியோர்களே, பிள்ளைகளே, பேசப் பேச முறுக்குச் சத்தம் எழுப்புகிற நண்பர்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் தென்பெண்ணைக் கரையிலிருந்து நான் சுமந்து வந்திருக்கிற வணக்கத்தை இறக்கி வைக்கிறேன்.

என் பெயர் தங்கமணி. திருக்கோவிலூரில் ஓர் அச்சகத்திலே பிழை திருத்துகிற வேலை எனக்கு. ஆள் சின்னவள், ஆனால் ஒற்றைப் பிழையையும் தப்ப விடாதவள் என்று என்னைப் பற்றி முதலாளியிடம் புகார்கூடப் போயிருக்கிறது. அப்படிப்பட்ட நான் இன்றைக்கு இந்த மேடையில் ஏறியிருப்பது பிழை திருத்துவதற்கு அல்ல. ஒரு பிழையை வாழ்த்துவதற்கு! ஊரே சேர்ந்து செய்த பிழை, மழை வந்து செய்வித்த பிழை, திருத்தவே கூடாத பிழை ஒன்றை வாயார வாழ்த்துவதற்கு வந்திருக்கிறேன்.

என்ன தலைவரே, அதற்குள் மணிமேல் கை போகிறதே? மலையிலிருந்து பஸ் வரும் வரைக்கும் பேசிக்கொண்டிரு என்று என்னை ஏற்றிவிட்டதே நீங்கள்தானே! கச்சிராயபாளையம் வழியாக வரவேண்டிய பஸ் இன்னும் வரவில்லை. அந்தப் பஸ்ஸில் ஒரு பெண் வரவேண்டும். வருவாளா, மாட்டாளா என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவளுக்காகத்தான் அந்த நாற்காலியில் மஞ்சள் பை உட்கார்ந்திருக்கிறது. யார் அவள், ஏன் வரவேண்டும் என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு. தொண்டை வறண்டால் குடிக்க ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்திருக்கிறீர்கள். பிறகென்ன கவலை, பேசுகிறேன்.

சென்ற வருடம் இந்தச் சங்கத்தார் மூன்று புத்தகங்களை அச்சடிக்க எங்களிடம் தந்தார்கள். ஒன்று, நம் தலைவர் எழுதிய ஆற்றங்கரை வரலாறு. அடுத்தது, இந்த வட்டாரத்து உழைப்பாளிகளின் வாழ்க்கை. கிழங்கு உரிப்பவர், கல் உடைப்பவர், வண்டி ஓட்டுபவர், மலையிலே சாமை விதைப்பவர் என்று அவரவர் சொல்லச் சொல்ல எழுதியது. இன்னொன்று, ஜவ்வரிசி ஆலையிலே கிழங்கு உரிக்கிற ஆயம்மாள் அக்கா தன் கையால் எழுதிய தன் குடும்பத்தின் கதை. வரலாறு ஒன்று, வேலை ஒன்று, வீடு ஒன்று!

நான் அம்மூன்றையும் படித்தேனா? படித்தேன், படிக்கவும் இல்லை. பிழை திருத்துகிறவள் எழுத்தைப் பார்ப்பாள், சொல்லைப் பார்க்கமாட்டாள். காலைப் பார்ப்பேன், கொம்பைப் பார்ப்பேன், புள்ளியைப் பார்ப்பேன். மன்னர் செத்தாரா பிழைத்தாரா என்று பார்த்தால் அன்றைய வேலை முடியாது. நண்பகல் வெயிலிலே, அச்சு இயந்திரத்தின் தாலாட்டிலே, கண் சொக்கிக் கிடக்கும்போது எழுத்துகள் தாளைவிட்டு எழுந்து ஆற்றுப் பக்கம் நடந்து போவதாகக் கனவு காண்பேன். கூப்பிட்டால் திரும்பி வரும். அவ்வளவுதான் எனக்கும் புத்தகத்துக்கும் இருந்த உறவு.

அச்சடித்து, மடித்து, கட்டுக் கட்டாகக் கட்டிவிட்டோம். பதினாறு பக்கம் ஒரு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் போடுவோம். எந்தப் புத்தகம் என்று மடிப்பிலே போடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. கட்டின்மேல் சீட்டு ஒட்டிவிடுவோம், சீட்டைப் பார்த்துத் தைக்கிறவர் தெரிந்துகொள்வார். அந்த மடிப்புகளைச் சின்னசேலத்துக்குக் கொண்டுபோய் அண்ணன் கொளஞ்சியப்பனிடம் சேர்த்தால், தைத்துத் தந்துவிடுவார். லாரியில் ஏற்றினோம். ஏற்றிய மாதம் எது தெரியுமா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு, செப்டம்பர்!

ஆமாம், தலையை ஆட்டுகிறீர்கள். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின் அந்த ஒரு வாரத்தை மறப்பவர் யார் இங்கே? சாலையோரத்துப் புளியமரங்கள் வெட்டுண்டு சாலைக்குக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. உயிர்கள் போயின, கூரைகள் எரிந்தன. அந்தத் துயரத்தை அலங்காரம் பண்ணிப் பேச எனக்கு நா வராது. அதைச் சொல்லும்போது மட்டும் என் தமிழ் தலை குனிந்து கொள்ளட்டும்.

லாரி தியாகதுருகத்துப் பக்கம் நின்றுவிட்டது. மாட்டு வண்டிதான் வழி என்று ஆயிற்று. வண்டியோடு வந்தவர் யார்? நைனார்பாளையத்துப் பச்சமுத்து அண்ணன்! எங்கே அவர்? அதோ, டீக்கடைப் பந்தக்காலில் சாய்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார். முன்னால் வாருங்கள் அண்ணே என்றால் வரமாட்டார். இருக்கட்டும், அங்கேயே நில்லுங்கள்.

பெரிய சாலையை விட்டு, வயல்வழி, வாய்க்கால்வழி, வண்டித்தடத்தின் வழி சுற்றிக்கொண்டு வருகிறார் அண்ணன். ஓரிடத்திலே முள்ளை வெட்டிப் போட்டுத் தடத்தையும் மறித்து நிற்கிறார்கள் போராட்டத்துப் பிள்ளைகள்.

"வண்டில இன்னா?"

"பொஸ்தவம்ப்பா."

"யாரு பொஸ்தவம்? எங்க ஊரு பேரு அதுல கீதா?"

"ஊரு கீதோ, ஆளு கீதோ, எனக்கு இன்னா தெரியும்? ஏத்துனாங்க, ஓட்டிக்கினு வரேன்."

ஒரு பிள்ளை கட்டுக்குள்ளிருந்து ஒரு மடிப்பை உருவிப் பார்த்தான். நின்றபடியே படித்தான். அதிலே அவன் ஊர் இருந்தது. அவன் ஊரின் ஏரி இருந்தது. அந்த ஏரிக்கு மண் சுமந்தவர்களின் பேச்சு இருந்தது. "டேய், நம்மள எழுதிக்கினு கீறாங்கடா" என்றானாம். அவ்வளவுதான், முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு, சேற்றில் இறங்கிய சக்கரத்துக்குத் தோள் கொடுத்துத் தள்ளிவிட்டார்கள். என்ன கேட்டு மறித்தார்கள் அவர்கள்? எங்களையும் எண்ணு என்று கேட்டார்கள், எங்களையும் எழுது என்று கேட்டார்கள்! எழுதியிருக்கிறது என்று கண்டதும் வழி விட்டார்கள்.

நல்ல வண்டிக்காரர் பச்சமுத்து அண்ணன். ஆனால் அன்றைக்கு அந்த வண்டியிலே தன் சொந்தத் தங்கையையே ஏற்றிக்கொண்டு வந்தார் என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

கொஞ்சம் பொறுங்கள். ரயில் போகட்டும். சேலத்து ரயில் நம்மைவிடப் பழைய பேச்சாளர், அது பேசும்போது நாம் பேசக்கூடாது.

போய்விட்டது. நைனார்பாளையத்தை வண்டி நெருங்கியபோது மழை. தார்ப்பாய் ஒழுகிவிட்டது. கட்டெல்லாம் ஈரம், ஒட்டிய சீட்டெல்லாம் உரிந்து போயிற்று. மறுநாள் காலையிலே வெயில் வந்தது. களத்திலே காசியம்மாள் அக்காவும் கூட்டாளிகளும் நிலக்கடலையை, நம் ஊர் மல்லாட்டையை, காயவைத்துக் கொண்டிருக்கிறார்கள். ஈரப் புத்தகத்தைப் பார்த்ததும் அக்கா என்ன சொன்னார்? என்ன அக்கா, நீங்களே சொல்லிவிடுங்கள்.

"இன்னாத்த சொல்றது? மல்லாட்டய ஒதுக்குங்கடி, எழுத்து காயட்டும்னேன்!"

கேட்டீர்களா! களத்தில் பாதியை எழுத்துக்குக் கொடுத்தார்கள். வெள்ளை வெளேரென்று மடிப்புகளை விரித்தார்கள். நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் கண்ணை மூடினால் காண்கிறேன். ஒரு பக்கம் மல்லாட்டை, ஒரு பக்கம் மன்னர்கள்! காற்று மெல்ல மெல்லத் தாளைத் தூக்குகிறது, தாளைப் புரட்டுகிறது. புரட்டப் போன பெண்கள் குனிந்தவர்கள் குனிந்தபடியே நிற்கிறார்கள். எழுத்துக் கூட்டி ஒருத்தி படிக்கிறாள். "ஏ, இதுல நம்ம வேல கீதுடி." இன்னொருத்தி அந்தக் கோடியிலிருந்து, "இங்க ஒரு சண்ட நடக்குது, ராசா தோத்துக்கினு கீறாரு!" மூன்றாமவள் தனக்குள் படிக்கிறாள், படித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைக்கிறாள். வெயில் ஏறுகிறது, வேலை நிற்கிறது, ஒரு களம் முழுக்க ஒரு நூலகமாகி மிதக்கிறது. கூரையில்லாத நூலகம், கதவில்லாத நூலகம், நீ யார் என்று கேட்காத நூலகம்! என்ன அழகான கனவு அது.

பிற்பகலில் மேகம் கூடியது. களத்து மக்களுக்கு மேகம் கூடினால் என்ன தெரியும்? ஒன்றே ஒன்று தெரியும். "மழ வருது, கூட்டுங்கடி!" அந்தக் குரல் எழுந்தால் கை தானாக ஓடும். வடக்கிலிருந்து கூட்டு, தெற்கிலிருந்து கூட்டு, நடுக்களத்தில் குவி, மேலே போர்த்து! என் காய் உன் காய் என்று பார்க்கிற நேரமா அது? கூட்டினார்கள். மல்லாட்டையை ஒரு குவியலாகக் கூட்டினார்கள். புத்தகங்களையும் ஒரே குவியலாகக் கூட்டினார்கள்! வரலாறும் வேலையும் வீடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் விழுந்தன. போர்த்தியதும் மழை கொட்டியது. ஒரு தாள் நனையவில்லை.

சிரிக்கிறீர்கள். அக்காவும் சிரிக்கிறார். அந்தத் தாள் குவியலை மூட்டையாகக் கட்டி, வழி திறந்த பிறகு கொளஞ்சியப்பன் அண்ணனிடம் சேர்த்தார்கள். அவர் என்ன செய்தார்? அடியில் எண்ணைப் பார்த்தார். ஒன்று, அடுத்து இரண்டு, அடுத்து மூன்று. தைத்தார், தைத்தார், தைத்துக்கொண்டே இருந்தார். புத்தகம் பரவிய பிறகு நான் அலறிக்கொண்டு ஓடிவந்து, என்னண்ணே இது, ஒரு வார்த்தை படித்துப் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அண்ணன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "தைக்கிறவன் படிச்சிக்கினு உக்காந்தா எப்பம்மா தைக்கிறது? ஒன்னு ரெண்டு மூணு வரிசயா கீதா இல்லியா?" வரிசை இருந்தது ஐயா, வரிசை இருந்தது! புத்தகம்தான் இல்லை.

அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிழைகளைக் குறிப்பதற்காகச் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தேன். தலைவர் எழுதிய வரலாறு, பக்கத்தின் கடைசி வரி: "மன்னரின் படை வைகறையிலே ஆற்றைக் கடந்து, மறுகரையில் இறங்கி." புரட்டினேன். அடுத்த பக்கம்: "கூலி போதாது என்று ஆலை வாசலில் உட்கார்ந்தது." இன்னும் கொஞ்சம் தள்ளி, ஆயம்மாள் அக்காவின் வீடு: "அம்மா கோபமாக வாசலில் நின்றாள். அவள் பின்னால்." புரட்டினேன். "ஐந்நூறு குதிரைகளும் முப்பது யானைகளும் நின்றன!"

சிரியுங்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே படித்தேன். எழுத்தைப் பார்க்கிற நான் முதல்முதலாகச் சொல்லைப் பார்த்தேன். சொல்லைப் பார்த்ததும் ஊரைப் பார்த்தேன், ஊரைப் பார்த்ததும் ஆளைப் பார்த்தேன். பென்சில் எப்போது கையைவிட்டு நழுவியது என்று தெரியாது. ஏன், கூலி கேட்டு உட்கார்ந்தவர்கள் படையில்லையா? கோபத்தோடு வாசலில் நிற்கிற ஒரு தாய்க்குப் பின்னால் ஐந்நூறு குதிரை நிற்கவில்லை என்று எவராவது சொல்ல முடியுமா? வரலாறு வேறு, வேலை வேறு, வீடு வேறு என்று மூன்று கட்டாகக் கட்டிச் சீட்டு ஒட்டியது யார்? நாம்தானே! வாழ்கிறவர் அப்படியா வாழ்கிறார்? ஒருத்தி கிழங்கு உரித்துக்கொண்டேதான் பிள்ளையை நினைக்கிறாள். பிள்ளையை நினைத்துக்கொண்டேதான் சாலையில் உட்கார்ந்து உரிமை கேட்கிறாள். மூன்றும் ஒரே களம், மூன்றும் ஒரே குவியல்!

சங்கத்திலிருந்து ஓர் அறிவிப்புத் தந்திருக்கிறார்கள், நான் படிக்கவேண்டுமாம். கலந்துபோன புத்தகம் வைத்திருப்போர் திருப்பித் தந்தால் சரியான புத்தகம் தரப்படும். திருப்பிக் கொடுக்க யார் கொண்டுவந்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். ஒருவரும் இல்லையா? பின்னால்? பின்னாலும் இல்லை. குறித்துக்கொள்ளுங்கள் தலைவரே.

அது இருக்கட்டும். பஸ் இன்னும் வரவில்லை. ஆயம்மாள் அக்கா சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இனி நான் சுற்றி வளைக்கப் போவதில்லை.

அக்காவுக்கு ஒரு தங்கை. பெயர் கண்ணகி. பல வருடங்களுக்கு முன்னால், மலையிலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டுவந்து விற்ற ஆண்டி என்பவரை விரும்பி, அவரோடு கல்வராயன் மலைக்குப் போய்விட்டாள். வீட்டார் என்ன செய்தார்கள்? இந்த வட்டாரத்திலே என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஊரைக் கூட்டி, ஏரிக்குப் போய், இன்றோடு அவள் செத்தாள் என்று தலை முழுகினார்கள். முதலில் தண்ணீரில் இறங்கியவர் மூத்த அண்ணன். ஆமாம், பச்சமுத்து அண்ணன்தான்.

தலையைக் குனியவேண்டாம் அண்ணே. உங்களை அவமானப்படுத்த நான் ஏறவில்லை. இந்தக் கூட்டத்தில் தலை முழுகாத குடும்பம் எத்தனை இருக்கும்? வேறு வேறு ஏரி, வேறு வேறு பெயர், அவ்வளவுதான்.

அக்கா தன் புத்தகத்தில் அந்த நாளை எழுதியிருக்கிறார். மூன்றே வரி. "எல்லோரும் முழுகினார்கள். நான் முழுகவில்லை. ஈரத் தலையோடு போனவர்களுக்குப் பின்னால் காய்ந்த தலையோடு வீட்டுக்கு வந்தேன்." அதற்கடுத்த வரி: "எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்." இருந்தாள் என்று எழுதவில்லை ஐயா, இருக்கிறாள் என்று எழுதினார்!

ஆனால் அந்தப் புத்தகம் எப்படி மலை ஏறும்? சமவெளியில் ஒரு குடும்பத்தின் கதையை மலையில் யார் கேட்டார்கள்? மலைக்குப் போனது உழைப்பாளிகள் புத்தகம். அதிலே சாமை விதைப்பு இருக்கிறது, தேனெடுப்பு இருக்கிறது, அவர்கள் சொல்லி எழுதியது, ஆகவே கேட்டு வாங்கினார்கள். அட்டையில் அந்தப் பெயர்தான் இருந்தது. உள்ளே என்ன இருந்தது? களத்தில் கூட்டிய குவியல் இருந்தது!

மார்கழி மாதம். மலைமேல் பனி இறங்கி, பலா மரங்கள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நிற்கிற பகல் பொழுது. பால்வாடியில் வேலை செய்கிற வெள்ளச்சி என்கிற பெண் புத்தகத்தை உரக்கப் படிக்கிறாள். சுற்றிலும் பெண்கள் உரலில் சாமை குத்துகிறார்கள். உலக்கைச் சத்தத்துக்கு இடையிலே, அவர்கள் விதைத்த கதையை அவர்களே கேட்கிறார்கள். சிரிப்பும் கேலியுமாகப் போகிறது. பக்கம் புரண்டது. வெள்ளச்சி படிக்கிறாள்: "மரவள்ளிக் கிழங்கின் தோலை அறுந்துபோகாமல் உரித்து, வளையாகச் சுற்றி, நானும் தங்கச்சியும் கைநிறையப் போட்டுக்கொள்வோம். அவளுக்கு எப்போதும் என்னைவிட ஒரு வளை ஜாஸ்தி வேண்டும்."

பெண்கள் சிரித்தார்கள். "இன்னாடி இது, நம்ம சாம எங்க போச்சு?"

"தப்பா தச்சுப்புட்டாங்க போல. இரு, தாண்டிப் போறேன்" என்று வெள்ளச்சி பக்கத்தைத் தள்ளப் போனாள்.

ஓர் உலக்கை நின்றது. "தாண்டாத. அதயே படி."

கண்ணகி!

படித்தாள். வெள்ளச்சி வளையைப் படித்தாள், வாசலைப் படித்தாள், ஏரியைப் படித்தாள். காய்ந்த தலையைப் படித்தாள். இருக்கிறாள் என்பதைப் படித்தாள். உலக்கைகள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பனி வந்து உரலைச் சூழ்ந்தது. கண்ணகி எழுந்து அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்து, "இது எங்கக்கா" என்றாளாம். மலையில் அவள் வாழ்ந்த வருடங்களிலே, அவளுக்கு ஓர் அக்கா உண்டு என்று அன்றைக்குத்தான் அந்த ஊருக்குத் தெரிந்தது.

வெள்ளச்சி மலை இறங்கி வந்து ஆயம்மாள் அக்காவைப் பார்த்தாள். வரச் சொல்லு, இன்றைக்கே வரச் சொல்லு என்று அக்கா அழுதார். கண்ணகியிடமிருந்து ஒரே ஒரு பதில் வந்தது. "ஊரு பாக்கத்தான என்ன இல்லன்னாங்க. ஊரு பாக்கக் கூப்பிடட்டும், வரேன். எங்கண்ணன் இல்லாத எடத்துக்கு வரமாட்டேன்."

நியாயமா இல்லையா? சொல்லுங்கள் தாய்மார்களே! இருட்டில் வந்து இருட்டில் போவதற்கு அவள் என்ன திருடியா? ஊரறிய அறுத்த உறவை ஊரறியத்தானே முடிச்சுப் போடவேண்டும்! அதற்காகத்தான் இந்த மேடை, அதற்காகத்தான் அந்த நாற்காலி. அக்கா கேட்டார், சங்கம் அழைத்தது. ஆனால் அழைக்கவேண்டிய ஒருவர் இன்னும் அழைக்கவில்லையே?

என்ன அண்ணே, ஏதோ சொல்கிறீர்கள். உரக்கச் சொல்லுங்கள்.

"கூப்பிட வேணான்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

சொல்லவில்லை அண்ணே, சொல்லவில்லை. கூப்பிடலாம் என்றும் சொல்லவில்லையே!

"நானே முழுகிட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கினு நானே கூப்பிடறது?"

கைதட்டாதீர்கள், தயவுசெய்து யாரும் கைதட்டாதீர்கள். வருடக்கணக்கில் நெஞ்சுக்குள் கிடந்த பேச்சு வெளியே வருகிறது. அது மெதுவாக வரட்டும்.

அண்ணே, நான் பிழை திருத்துகிறவள். என் தொழிலில் ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். அச்சேறுவதற்கு முன்னால் பிழையைத் திருத்தலாம். அச்சேறிய பிறகு திருத்த முடியாது. தாளில் ஏறியது ஏறியதுதான். ஆனால் மனிதர் தாள் இல்லையே! மனிதரில் அச்சேறிய பிழையையும் அடித்து எழுதலாமே! முள்ளைப் போட்டு மறித்த பிள்ளைகள், எழுதியிருக்கிறது என்று கண்டதும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். அந்தச் சக்கரம் உங்கள் சக்கரம். அந்த வண்டியில் இருந்தவள் உங்கள் தங்கை. நீங்கள் இல்லை என்றவளை நீங்களே ஏற்றிக்கொண்டு, மழைக்குத் தார்ப்பாய் போர்த்தி, மாட்டை அதட்டிக்கொண்டு வந்தீர்கள். தெரியாமல் கொண்டுவந்தீர்கள். தெரிந்து ஓர் எட்டு வைக்கமாட்டீர்களா?

என்ன, என்ன சத்தம்? விளக்கா?

பஸ்! தாய்மார்களே, திரும்பிப் பாருங்கள், மலைப் பஸ்! ஆயம்மாள் அக்கா எழுந்துவிட்டார். ஓடவேண்டாம் அக்கா, அங்கேயே நில்லுங்கள், கொஞ்சம் நில்லுங்கள். அதோ வெள்ளச்சி இறங்குகிறாள். அடுத்து தலைப்பாகையோடு ஒருவர், அவர்தான் ஆண்டியாக இருக்கவேண்டும். பின்னால் ஒரு பெண். படியிலே நிற்கிறாள். ஒரு கால் படியில், ஒரு கை கம்பியில். இறங்கவில்லை. கூட்டத்தைப் பார்க்கிறாள். யாரைத் தேடுகிறாள் என்று நமக்குத் தெரியும்.

நடத்துநர் ஐயா, விசில் அடிக்காதீர்கள்! உங்கள் பஸ் ஏற்கெனவே தாமதம், இன்னும் கொஞ்சம் ஆனால் என்ன?

வழி விடுங்கள், வழி விடுங்கள், அண்ணன் வருகிறார். பந்தக்காலை விட்டுவிட்டார். ஆனால் அங்கே போகாமல் ஏன் இங்கே வருகிறார்? மேடைக்கு வருகிறாரே! வாங்க அண்ணே. என்ன வேண்டும்? ஒலிபெருக்கியா? வேண்டாமா?

அன்பார்ந்த மக்களே, அவர் என் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டார்.

போகிறார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போகிறார். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல் படியருகே நீட்டுகிறார். என்ன சொல்கிறார் என்று எனக்குக் கேட்கவில்லை. முன்னால் இருக்கிற யாராவது சொல்லுங்கள். காசியம்மாள் அக்கா, என்ன சொன்னார்?

"'தாகமா வந்திருப்ப, குடிம்மா'ன்றாரு!"

குடிக்கிறாள். கண்ணகி குடிக்கிறாள். பாதியைக் குடித்துவிட்டுச் சொம்பை ஆயம்மாள் அக்காவிடம் நீட்டுகிறாள். இறங்கிவிட்டாள்.

தலைவர் அவர்களே, இப்போது மணியை அடியுங்கள். பலமாக அடியுங்கள், மலை வரைக்கும் கேட்கட்டும்! அக்கா, அந்த மஞ்சள் பையை நாற்காலியிலிருந்து எடுங்கள், ஆள் வந்தாயிற்று. இத்தனை நேரம் என் பேச்சைத் தாங்கிய தாய்மார்களுக்கும், அறியாமல் கூட்டிய கைகளுக்கும், படிக்காமல் தைத்த ஊசிக்கும், உரிய நேரத்தில் தாமதமாக வந்த பஸ்ஸுக்கும் என் நன்றி. எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது, குடிக்கத் தண்ணீர் இல்லை, இதைவிட நிறைவாக நான் எந்த மேடையிலும் பேசி முடித்ததில்லை. உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.